முழங்காலுக்குக் கீழே ஹாலிவுட்

ஞாயிறு, ஹாலிவுட்

சைனீஸ் தியேட்டர் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. ஸ்பைடர்மேன் வேடக்காரர்கள் கேட்காமலே தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு உடனே காசுக்குக் கை நீட்டுகிறார்கள். கூட்டம் மொத்தமும் குனிந்து, சிமெண்டில் பதிந்திருக்கும் நட்சத்திரங்களின் உள்ளங்கையில் தன் கையை வைத்து அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் குளம்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்த முற்றத்தில் மூன்று குதிரைகள் தடம் பதித்திருக்கின்றன. மௌனப் படக் காலத்து டாம் மிக்ஸின் டோனி, 1927 டிசம்பரில். கௌபாய் பட நாயகன் ராய் ராஜர்ஸின் டிரிகர், 1949 ஏப்ரலில். இன்னொரு கௌபாய் நாயகன் ஜீன் ஆட்ரியின் சாம்பியன், அதே 1949 டிசம்பரில். மூன்றையும் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆனது. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் அதன்மேல் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.

"சித்தி, இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றான் அக்கா மகன்.

இதுக்காகவும்தான். அவனுக்கு ஹாலிவுட் பக்கத்துப் பர்பேங்கில் எடிட்டிங் வேலை. அவன் தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர் குதிரைக்கு லாடம் அடிப்பவர், வாடிக்கையில் பாதிக்குப் பாதி சினிமாக்காரர்கள் என்று போன வருஷம் போனில் சொன்னான். அன்றைக்கே டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். லாஸ் வேகஸும் கிராண்ட் கேன்யனும் எங்கும் ஓடிவிடாது.

டிரிகரின் கதை எனக்கு முன்பே கொஞ்சம் தெரியும். பிறந்தது 1934. முதலில் வைத்த பெயர் கோல்டன் கிளவுட். சினிமாவுக்கு வாடகைக்குக் குதிரை விடும் லாயத்தில் இருந்தது. 1938இல் வந்த ராபின் ஹுட் படத்தில் கதாநாயகி ஒலிவியா டி ஹாவிலாண்டைச் சுமந்தது இதுதான். பிறகு ராய் ராஜர்ஸ் 2,500 டாலர் கொடுத்து வாங்கினார். அந்தக் காலத்தில் அது ஒரு வீட்டு விலை. 1965இல் செத்த பிறகும் அவர் அதைப் புதைக்கவில்லை. தோலைப் பதப்படுத்தி, முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிற மாதிரி செய்து அருங்காட்சியகத்தில் நிறுத்திவிட்டார். 2010இல் நியூயார்க் ஏலத்தில் அது 2,66,500 டாலருக்குப் போனது.

திரையில் வந்த டிரிகர் எல்லாம் இந்த ஒரே டிரிகர் இல்லை என்பது ரசிகர்களுக்கும் தெரியும். வித்தைகள் செய்து காட்டியது பெரும்பாலும் லிட்டில் டிரிகர் என்ற இன்னொரு குதிரை. இரண்டும் பொன்னிறம், இரண்டுக்கும் வெள்ளைப் பிடரி. அப்புறம் எப்படிப் பிரித்துச் சொல்வது? காலைப் பார்க்க வேண்டும். அசல் டிரிகருக்கு இடது பின்னங்காலில் மட்டும்தான் வெள்ளை. லிட்டில் டிரிகருக்கு நாலு காலும் வெள்ளை. போஸ்டரில் முகத்தைப் பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

திங்கள், பர்பேங்க்

அக்கா மகன் இருக்கும் பகுதிக்கு ராஞ்சோ என்று பெயர். முன்பக்கம் பார்த்தால் சாதாரணத் தெரு. புல்வெளி, இரண்டு கார், தபால் பெட்டி. பின்பக்கம் போனால் ஒவ்வொரு வீட்டிலும் லாயம். இந்தப் பகுதியில் வீட்டுக் கொல்லையில் குதிரை வைத்துக்கொள்ளச் சட்டமே இடம் கொடுக்கிறது. காலை ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் சாண வாசனையும் காப்பி வாசனையும் சேர்ந்து வருகிறது. டிஸ்னி ஸ்டூடியோ நடந்துபோகிற தூரம். வார்னர் பிரதர்ஸும் பக்கம்தான்.

ரிவர்சைடு டிரைவ் சிக்னலில் ஒரு விஷயம் பார்த்து அங்கேயே நின்றுவிட்டேன். தெருவைக் கடக்க அமுக்கும் பொத்தான் இரண்டு. ஒன்று நம் இடுப்பு உயரத்தில். இன்னொன்று கை எட்டாத உயரத்தில், சேணத்தில் உட்கார்ந்திருப்பவர் குனியாமல் அமுக்குவதற்காக. நான் நின்ற பத்து நிமிடத்துக்குள் ஒரு பெண் வந்தார், மேல் பொத்தானை அமுக்கினார், பச்சை விழுந்ததும் குதிரை தானாக நடந்தது. பின்னால் நின்ற டெஸ்லாக்காரர் ஹார்ன் அடிக்கவில்லை.

மதியம் லாஸ் ஏஞ்சல்ஸ் ஈக்வெஸ்ட்ரியன் சென்டர் வரை நடந்தோம். பெரிய இடம், எழுபது ஏக்கருக்கு மேல். போட்டிகள், பயிற்சி, வாடகை லாயங்கள். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸைச் சுட்ட காட்டுத்தீயின்போது பாலிசேட்ஸ், ஆல்டடீனா பகுதிகளிலிருந்து அவசரமாகக் கொண்டுவந்த நூற்றுக்கணக்கான விலங்குகளுக்கு இடம் கொடுத்தது இங்கேதான். குதிரை, கழுதை, ஆடு, எல்லாம். அந்தத் தீயில் வில் ராஜர்ஸின் பண்ணை வீடும் லாயமும் சாம்பலானது. 1935இல் விமான விபத்தில் இறந்த அந்த நடிகர் குதிரைப் பைத்தியம், வீட்டு வாசலிலேயே போலோ மைதானம் வைத்திருந்தவர். நான் பார்க்க நினைத்த பட்டியலில் இருந்த இடம். இனி இல்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ் ஆற்றைக் கடக்கக் குதிரைகளுக்கென்றே ஒரு தொங்கு பாலம் இருக்கிறது, மாரிப்போசா தெரு முனையில். மரப் பலகை போட்ட குறுகிய பாலம். குளம்பு பட்டதும் மொத்தப் பாலமும் முனகுகிறது. அந்தப் பக்கம் கிரிஃபித் பார்க், 4,200 ஏக்கருக்கு மேல், மலையேறும் குதிரைப் பாதைகளோடு.

சாயங்காலம் லாடக்காரரைப் பார்த்தோம். அறுபதைத் தாண்டியவர். நிமிர்ந்து நின்றாலும் முதுகு முழுக்க நிமிரவில்லை. பெயரையும் படத்தையும் போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "என் பேர் வெளியே வந்தா யார் வீட்டுக்குப் போறேன்னும் வெளியே வரும், மேம்." காலையில் ஏழு மணிக்கு வாசலில் நின்றால் வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன் என்றார். சினிமாக்காரர்கள் மாதிரி ஏழு என்று சொல்லி ஒன்பதுக்கு வருபவர் இல்லையாம் அவர்.

செவ்வாய், வண்டியின் பின்பக்கம்

ஏழுக்குக் கிளம்பினோம். பிக்கப் வண்டியின் பின்பக்கக் கதவைத் தூக்கினால் மொத்தப் பட்டறையும் உள்ளே இருக்கிறது. சமையல் எரிவாயுவில் ஓடும் சின்ன உலை. வெளியே இழுத்துச் சுழற்றி நிறுத்தும் பட்டறைக்கல். அளவு வாரியாகத் தொங்கும் லாடங்கள். பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று நம்பர். துருத்தி ஊதுவதும் கரி அள்ளுவதும் இப்போது இல்லை. லாடத்தையும் அநேகமாகத் தொழிற்சாலையிலிருந்து வாங்கிவிடுகிறார்கள். ஹென்றி பர்டன் என்பவர் 1835இலேயே லாடம் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் தொழிற்சாலை லாடம் எந்தக் குதிரைக்கும் அப்படியே பொருந்தாது. தட்டி வளைத்துக் குளம்புக்கு ஏற்றபடி மாற்றுவதில்தான் கைவேலை.

முதலில் போனது படப்பிடிப்புக்குக் குதிரை வாடகைக்கு விடும் ஒரு லாயம். குவார்ட்டர் ஹார்ஸ் என்ற இனத்தில் பழுப்பு நிறக் குதிரை ஒன்று. சுமார் ஐநூறு கிலோ இருக்கும். அவர் அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை. "நடத்திக் காட்டு" என்றார் பையனிடம். குதிரை போவதையும் வருவதையும் குனிந்து முழங்காலுக்குக் கீழே மட்டும் பார்த்தார்.

பிறகு நடுவில் பிளந்த தோல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, குதிரைக்கு முதுகு காட்டி நின்று, முன்னங்காலைத் தூக்கித் தன் இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். பழைய லாடத்தைப் பிடுங்குவதற்கு முன் குளம்புக்கு வெளியே வளைத்து மடக்கியிருந்த ஆணி முனைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். அதைச் செய்யாமல் இழுத்தால் குளம்பின் ஓரம் பிய்ந்து வரும். குறடு வைத்துப் பின்னாலிருந்து முன்னாலாக அசைத்து அசைத்துக் கழற்றினார். அடுத்தது வெட்டுவது. குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். நம் நகம் எதனால் ஆனதோ அதேதான், கெரட்டின். கத்தரித்த துண்டுகள் தேங்காய்ப் பத்தை மாதிரி பிறை பிறையாகக் கீழே விழுந்தன. லாயத்து நாய் ஒன்று ஓடிவந்து கவ்விக்கொண்டு போனது. நாய்களுக்கு அது பிடிக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

குளம்பைத் திருப்பி எனக்குக் காட்டினார். வெளிப்புறம் கெட்டியான சுவர். அதற்கு உள்ளே ஓரமாகச் சுற்றிவரும் மெல்லிய வெளிர் கோடு. நடுவில் முக்கோணமாக, ரப்பர் பதத்தில் ஒரு பகுதி. குதிரை காலை ஊன்றும்போது அதுவும் அதன் பின்னால் இருக்கும் சதையும் அமுங்கி, ரத்தத்தை மேலே தள்ள உதவுகிறது. "இந்தக் கோட்டுக்கு வெளியே என் இடம். உள்ளே குதிரையோட இடம்" என்றார். ஆணி அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே போனால் உயிர்ச் சதை. குதிரை நொண்டும், சீழ் பிடிக்கும், படப்பிடிப்பு நிற்கும், தயாரிப்பாளர் கத்துவார். இந்த வரிசையில்தான் சொன்னார்.

லாடத்தை உலையில் போட்டு எடுத்து, பட்டறைக்கல்லில் நாலு தட்டு தட்டி, சூட்டோடு குளம்பில் வைத்தார். மஞ்சள் புகை குப்பென்று கிளம்பியது. முடி கருகும் நாற்றம். நான் பின்வாங்கினேன், குதிரை காதைக்கூட அசைக்கவில்லை. அந்த இடத்தில் அதற்கு உணர்ச்சியே கிடையாது. எங்கே கருகியிருக்கிறது, எங்கே கருகவில்லை என்று பார்த்தால் லாடம் சமமாக உட்காருகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். மறுபடி அரம், மறுபடி வைத்துப் பார்ப்பது.

ஆணி அடிப்பதைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். லாட ஆணியின் முனை ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். சரிவு உள்பக்கம் பார்த்து இருந்தால் ஆணி போகப் போக வெளிப்பக்கமாக வளைந்து, குளம்புச் சுவரைத் துளைத்து வெளியே தலை நீட்டும். திருப்பி வைத்துவிட்டால் நேரே சதைதான். அதனால் ஆணித் தலையில் உள்பக்கம் ஒரு குறி வைத்தே செய்கிறார்கள். அவர் பார்ப்பதில்லை, கட்டை விரலால் தடவித் தெரிந்துகொள்கிறார். அடிக்க அடிக்கச் சத்தம் மாறுகிறது. கெட்டியான சுவருக்குள் போகும்போது ணங் ணங்கென்று கேட்கும் ஒலி, ஆணி வழி தவறினால் மந்தமாகிவிடுமாம். ஓர் ஆணியைப் பாதியில் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு எடுத்தார். எனக்கு இரண்டு சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டது.

முனை வெளியே வந்த அடுத்த நொடி, சுத்தியலின் பின்பக்கக் கவையால் அதை முறுக்கி ஒடிக்கிறார். ஒரு நொடிகூடத் தாமதம் இல்லை. ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஏப்ரனை விலக்கித் தொடையைக் காட்டினார். முழங்காலிலிருந்து மேலே ஒரு சாண் நீளத் தழும்பு. முனை நீட்டிக்கொண்டிருக்கும்போது குதிரை காலை உதறினால் அப்படி ஆகும்.

ஒரு காலுக்கு ஆறிலிருந்து எட்டு ஆணி. நாலு காலும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இருநூறு டாலருக்கு மேல் வாங்குகிறார். நட்சத்திரங்களுக்குத் தனி ரேட் உண்டா என்று கேட்டேன். "குளம்புக்குத்தான் ரேட். அது யாரோட குளம்புன்னு பார்த்து இல்லை." ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு உரிமம் தேவையில்லை என்பது எனக்கு ஆச்சரியம். ரேஸ் மைதானங்களில் மட்டும் கேட்பார்கள். இங்கிலாந்தில் 1975ஆம் வருஷச் சட்டப்படி பதிவு செய்யாதவர் லாடம் அடித்தால் குற்றம். இங்கே 1971இல் தொடங்கிய லாடக்காரர் சங்கம் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது, விருப்பம் உள்ளவர் எழுதலாம். முடி வெட்ட உரிமம் கேட்கும் மாநிலத்தில் குதிரையின் காலில் ஆணி அடிக்க ஒன்றும் கேட்பதில்லை. எனக்கென்னவோ இது சரியாகப் படவில்லை. அவரிடம் சொன்னேன். "குதிரை தேர்வு வைக்கும், மேம்" என்றார்.

சினிமா வேலை என்றால் என்ன வித்தியாசம்? தரைதான் என்கிறார். தார்ச்சாலையில் இரும்பு வழுக்கும். நகரத் தெருவில் குதிரை ஓடும் காட்சி என்றால் லாடத்தின் அடியில் டங்ஸ்டன் கார்பைடு துகளை உருக்கிப் பதிப்பார், அது தார்ச்சாலையைக் கவ்விப் பிடிக்கும். இல்லையென்றால் ரப்பர் லாடம் போடுவார். ரப்பர் போட்டால் சத்தம் வராது, வசனம் பதிவு செய்பவருக்குச் சந்தோஷம். ஆனால் கேமரா கீழே இறங்கிக் குளம்பைக் காட்டப் போகிறது என்றால் இரும்புதான் வேண்டும் என்பார்கள். 1870இல் நடக்கும் கதையில் கறுப்பு ரப்பர் தெரியக் கூடாதே. அப்போது ஒரே வேடத்துக்கு இரண்டு குதிரை. ஒன்றுக்கு ரப்பர், ஒன்றுக்கு இரும்பு. கதாநாயகனுக்கு டூப் இருப்பதுபோலக் குதிரைக்கும் மூன்று நான்கு டூப். ஓடுவதற்கு ஒன்று, விழுவதற்கு ஒன்று, நெருக்கமான காட்சியில் அசையாமல் நிற்க ஒன்று. திரையில் எல்லாம் ஒரே குதிரை. அவர் நோட்டில் எல்லாம் தனித்தனி. "தட்டைக் கால்." "மெல்லிய சுவர், சின்ன ஆணி." "பின் வலது, உதைக்கும்." நடிகர் பெயர், படத்தின் பெயர் எதுவும் அந்த நோட்டில் இல்லை.

புதன்

இன்று எங்கும் போகவில்லை. அக்கா மகனின் ஆபீசில் ஒலி சேர்ப்பவர் ஒருவரைப் பார்த்தேன். படத்தில் நாம் கேட்கும் குளம்போசையில் பெரும்பகுதி பிறகு அறையில் உட்கார்ந்து உண்டாக்குவது என்றார். எதை வைத்து? கொட்டாங்குச்சி. பாதியாக உடைத்த இரண்டு சிரட்டை, ஒரு தட்டில் மண், ஒரு தட்டில் சரளை. வானொலி நாடகக் காலத்திலிருந்து இதே முறைதான். நடை, பெருநடை, பாய்ச்சல், மூன்றையும் எனக்கு வாசித்துக் காட்டினார். அச்சு அசல். நேற்று லாயத்தில் கேட்ட உண்மையான சத்தம் இதைவிடச் சாதாரணமாக இருந்தது.

வியாழன், பெயர் போட முடியாத வீடு

ஹிடன் ஹில்ஸ், மாலிபு மலைப் பக்கம், இப்படி வாசலில் காவலாளி நிற்கும் இடங்கள்தான் அவருடைய வியாழக்கிழமைச் சுற்று. எந்த வீடு என்று எழுத மாட்டேன். கைப்பேசியை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்கச் சொன்னார்கள்.

வேலை ஒரு கிழட்டுக் குதிரைக்கு. இருபத்தேழு வயது. நாலைந்து படத்தில் நடித்துவிட்டு ஓய்வில் இருக்கிறது. மூட்டுவாதம், காலை மடக்கி நெடுநேரம் தூக்கிவைக்க முடியாது. செவ்வாய்க்கிழமை பார்த்த மனிதரா இவர் என்று தோன்றியது. காலை இடுக்கிக்கொள்ளவில்லை. மண்ணில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, குளம்பைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி, அரத்தால் ஏழெட்டு இழு இழுத்துவிட்டுக் கீழே வைத்தார். குதிரை எடையை மாற்றி நின்று மூச்சு விடும் வரை காத்திருந்தார். மறுபடி தூக்கினார். லாடம் இனி வேண்டாம் என்று போன வருஷமே கழற்றிவிட்டாராம். வெறும் குளம்பைச் சீராக்குவதற்கே முக்கால் மணி நேரம் ஆனது.

நடுவில் வீட்டுக்காரர் வந்தார். ரப்பர் செருப்பு, கசங்கிய டீ ஷர்ட். அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். கயிற்றை அவரே வாங்கிப் பிடித்துக்கொண்டார். பிடித்த விதம் சரியில்லை போலிருக்கிறது. கீழேயிருந்து குரல் வந்தது: "கயிறைத் தளர்த்துங்க. நீங்க இறுக்கினா அவன் இறுகுறான்." நட்சத்திரம் "சாரி" என்று சொல்லித் தளர்த்தினார். இரண்டு நிமிடத்தில் மறுபடி இறுக்க, இந்தத் தடவை லாடக்காரர் கயிற்றைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டார். நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குதிரையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச ஒன்றும் கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில் அவர் வாய் திறந்தார். குதிரை ஓட்டத் தெரியும் என்று சொல்லி வாய்ப்பு வாங்கிவிட்டுப் பிறகு பயிற்சிக்கு ஓடிவரும் நடிகர்கள்தான் அதிகம். பயந்தபடி கடிவாளத்தைப் பிடித்து இழுத்தே குதிரையின் நடையைக் கெடுத்துவிடுகிறார்கள். அது குளம்பின் தேய்மானத்தில் தெரியுமாம். சிலர் அப்படியே மாட்டிக்கொண்டுவிடுவார்கள். படத்தில் ஏறிய குதிரையை விட்டுப் பிரிய மனமில்லாமல் விலைக்கு வாங்கிவிடுவார்கள். விகோ மார்டென்சன் அப்படி வாங்கியது ஊரறிந்த விஷயம்.

ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கதை அதற்கு நேர் எதிர். பை என்ற ஒரே குதிரையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் படம் படமாக நடித்தார். விலைக்குக் கேட்டுப் பார்த்தார். குதிரையின் சொந்தக்காரப் பெண் கடைசிவரை கொடுக்கவில்லை. அது கிழடாகி ஓயும் தறுவாயில், கூட நடித்த ஹென்றி ஃபோண்டா அதை நீர்வண்ணத்தில் வரைந்து அவருக்குக் கொடுத்தார். அந்தப் பெண் செய்தது சரிதான் என்கிறார் லாடக்காரர். "வித்திருந்தா அது ஒரு தோட்டத்துல நின்னிருக்கும். வேலை செய்ற குதிரை வேலை செய்யணும்." காலையில் முக்கால் மணி நேரம் மண்ணில் உட்கார்ந்திருந்தவர் இதைச் சொல்கிறாரே என்று நினைத்தேன். எனக்கு ஸ்டூவர்ட் பக்கம்தான் மனசு சாய்கிறது.

வெள்ளி, நியூஹால்

வடக்கே நாற்பது நிமிடம். மௌனப் பட நாயகன் வில்லியம் எஸ். ஹார்ட் தன் பண்ணைக்கு வைத்த பெயரே ஹார்ஸ்ஷூ ராஞ்ச், லாடப் பண்ணை. படம் பார்க்க ஜனங்கள் கொடுத்த சில்லறையில் கட்டிய வீடு ஜனங்களுக்கே போகட்டும் என்று எழுதி வைத்துவிட்டு 1946இல் இறந்தார். இப்போது பொதுப் பூங்கா, 265 ஏக்கர், நுழைவுக் கட்டணம் கிடையாது. டிஸ்னி ஸ்டூடியோ 1962இல் நன்கொடையாகக் கொடுத்த காட்டெருமைகளின் வம்சம் இங்கே வளர்ந்தது. அக்கா மகன் அதைத்தான் தேடிப் போனான்.

நான் ஃபிரிட்ஸின் கல்லறைக்குப் போனேன். ஹார்ட்டின் வெள்ளைத் திட்டுக் குதிரை. 1938இல் செத்தது. கல் அடுக்கிப் பெயர் பொறித்திருக்கிறார். ஆபத்தான விழும் காட்சி ஒன்றுக்காக ஹார்ட் ஃபிரிட்ஸ் மாதிரியே பொம்மைக் குதிரை செய்து பள்ளத்தில் உருட்டினார். அது எவ்வளவு அசலாக இருந்தது என்றால், உண்மைக் குதிரையைக் கொன்றுவிட்டார் என்று அவர்மேல் புகார் போனது.

மற்றவர்கள் பொம்மை செய்து மெனக்கெடவில்லை. முன்னங்கால்களில் கம்பி கட்டி, மறுமுனையைத் தரையில் புதைத்த முளையில் மாட்டி, குதிரையை முழுப் பாய்ச்சலில் விடுவார்கள். கம்பி தீர்ந்ததும் குப்புற விழும். ரன்னிங் டபிள்யூ என்று பெயர். 1936இல் ஒரு போர்ப் படத்தில் பல குதிரைகள் இப்படிச் செத்தன. 1939இல் வெளிவந்த ஜெஸ்ஸி ஜேம்ஸ் படத்துக்காக மிசூரியில் ஒரு குதிரையை உயரமான பாறையிலிருந்து ஏரிக்குள் சறுக்கிவிட்டார்கள். செத்துப்போனது. ஊர் கொதித்தது. அதன் பிறகுதான் அமெரிக்கன் ஹ்யூமேன் என்ற விலங்குநல அமைப்பு ஹாலிவுட்டில் அலுவலகம் திறந்து படப்பிடிப்புகளைக் கண்காணிக்கத் தொடங்கியது. படத்தின் முடிவில் விலங்குகளுக்குத் தீங்கில்லை என்று வரும் வாசகம் 1972இல் வந்தது. அந்தக் கம்பியைக் கட்டியதும் யாரோ ஒருவருடைய கைதானே. லாடக்காரரிடம் இதைக் கேட்டேன். தன் குரு அந்தக் காலத்துக் குதிரைகளைப் பார்த்தவர், கணுக்காலைச் சுற்றி முடி வெள்ளையாக முளைத்திருந்தால் கம்பி கட்டிய குதிரை என்று அடையாளம் சொல்வார் என்றார். மேலே பேசப் பிடிக்காமல் வானொலியைப் போட்டுவிட்டார்.

சனி, லோன் பைன்

விடிவதற்கு முன் கிளம்பி, மோஹாவி பாலைவனத்தைக் கடந்து 395 நெடுஞ்சாலையில் மூன்றரை மணி நேரம். லாடக்காரர் வரவில்லை, சனிக்கிழமை அவருக்குப் பேரன் தினம். எதிரே 14,505 அடி விட்னி சிகரம், காலடியில் அலபாமா ஹில்ஸ். உருண்டை உருண்டையாகக் கருங்கல் குன்றுகள். 1920லிருந்து நூற்றுக்கணக்கான படங்கள் இங்கே எடுத்திருக்கிறார்கள். மூவி ரோடு என்றே மண் சாலைக்குப் பெயர்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1935இல் வங்காளக் குதிரைப்படையைப் பற்றிய படம், 1939இல் கங்கா தீன். இரண்டிலும் இந்திய எல்லைப்புறமாக நடித்தது இந்தக் கலிபோர்னியாப் பாறைகள்தான். கோயிலும் கோபுரமும் செட். கங்கா தீன் என்ற இந்தியனாக வந்தவர் சாம் ஜாஃபி என்ற நியூயார்க்காரர். கைபர் கணவாய் என்று திரையில் பார்த்த இடத்தில் நின்று சாண்ட்விச் சாப்பிட்டேன். எரிச்சல் வரும் என்று நினைத்தேன், சிரிப்புத்தான் வந்தது.

அந்தப் படைகளுக்கெல்லாம் குதிரை? ரஸ் ஸ்பெயின்ஹவர் என்ற உள்ளூர்ப் பண்ணையாளர் படக் கம்பெனிகளுக்குக் குதிரையும் மாடும் அனுப்பிக்கொண்டிருந்தார். மதியம் ஊருக்குள் இருக்கும் வெஸ்டர்ன் பட அருங்காட்சியகத்துக்குப் போனோம். 2006இல் திறந்தது. சேணங்கள், தொப்பிகள், துப்பாக்கிகள், பெரிய பெரிய புகைப்படங்கள். நான் ஒவ்வொரு படத்திலும் முதலில் குளம்பைத்தான் பார்க்கிறேன் என்று அக்கா மகன் சொல்லித்தான் கவனித்தேன்.

ஒரு படத்தில் கதாநாயகன் கம்பீரமாகச் சேணத்தில் உட்கார்ந்திருக்க, குதிரை பாறையின்மேல் நாலு காலும் தெரிய நின்றது. கைப்பேசியில் எடுத்து லாடக்காரருக்கு அனுப்பி, இது யார் தெரிகிறதா என்று கேட்டேன். சாப்பிட்டு முடித்து பர்பேங்க் திரும்பும் வழியில், மோஹாவி தாண்டும்போது பதில் வந்தது.

"யாருன்னு தெரியலை. முன் இடது குளம்பு நீளம் அதிகம். ரெண்டு வாரம் முன்னாடியே ஆளைக் கூப்பிட்டிருக்கணும்."